ஊசி எப்போது வரும் என்பது தலையெழுத்து அல்ல

பல்லடத்துத் தறிக் குடோனிலோ பனியன் கம்பெனி வாசலிலோ சர்க்கரை நோய் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: "மாத்திரையில ஓடற வரைக்கும் ஓடட்டுமுங்க. ஊசி எப்ப வரும்னு யாரால சொல்ல முடியும்?" நோயாளிகள் மட்டும் இதைச் சொல்வதில்லை. மருந்துக்கடைக்காரரும் சொல்கிறார், கூட்டம் நெருக்கும் நாளில் மருத்துவரும் சொல்லிவிடுகிறார். டைப் 2 சர்க்கரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பேச்சால் பெரிய கேடு இல்லை. ஆனால் அவர்களோடு வரிசையில் நின்று அதே மாத்திரையை வாங்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுக்கு இருப்பது 'லாடா'. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே தாக்கி அழிக்கும் நோய் இது. சிறு பிள்ளைகளிடம் வேகமாக நடந்து முடியும் இந்த அழிவு, பெரியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. முதல் ஆறு மாதமாவது மாத்திரைக்குக் கட்டுப்படுவதால் நோட்டில் டைப் 2 என்றே எழுதப்படுகிறது.

'முப்பத்தஞ்சுக்கு மேல வந்தா சாதாரண சர்க்கரைதான்' என்பது இந்த நம்பிக்கையின் முதல் கால். அது எழுபதுகளிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. கணையத் திசுவைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்) 1974-ல் கண்டறியப்பட்டன. மூன்றே ஆண்டுகளில், மாத்திரையில் இருக்கும் பெரியவர்கள் சிலரின் ரத்தத்திலும் அவை இருப்பதை எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1993-ல் டுவோமி, சிம்மெட் குழுவினர் இதற்கு லாடா என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த ஆய்வில் பத்தில் ஒருவருக்கு அருகில் இந்த ஆன்டிபாடி இருந்தது. சீனாவின் 25 நகரங்களில் நடந்த ஆய்வில் அது 5.9 சதவீதம். நூற்றுக்கு ஆறு என்பது சிறிய எண் போலத் தோன்றலாம். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அதில் நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலும் பத்து லட்சம் பேர்.

'நைட் ஷிப்ட் பார்த்தா இளைக்கத்தான் செய்யும்' என்பது அடுத்தது. பன்னிரண்டு மணி நேரம் தறிக்குத் தறி நடந்து, அறுந்த இழையை முடிந்து, நேரங்கெட்ட நேரத்தில் டீயும் பன்னும் தின்கிற ஒருவர் மெலிந்தால் வேலையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அவர் டைப் 2 என்றால் அந்த விளக்கம் அப்படியே போகட்டும். ஆனால் ஐம்பது வயதுக்கு முன் நோய் வந்ததா, தாகமும் சிறுநீரும் திடீரென்று கூடினவா, எடை உயரத்துக்கு மிஞ்சாமல் இருக்கிறதா, அவருக்கோ ரத்த உறவுகளுக்கோ தைராய்டு போன்ற எதிர்ப்புச் சக்திக் கோளாறு உண்டா என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2006-ல் இவற்றை ஐந்து அடையாளங்களாகப் பிரித்தார்கள். குறைந்தது இரண்டு பொருந்தினால் ஆன்டிபாடி பார்க்கலாம் என்ற அளவுகோல், லாடா உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடித்தது. ஐந்தும் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை, காசு செலவில்லை.

மெலிந்தவர் எல்லாம் லாடா என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நம் ஊரில் மெலிந்த டைப் 2 மிக அதிகம். கணையத்தில் கல் விழுந்து வரும் சர்க்கரை நோய் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பழக்கமானது. வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புள்ள சர்க்கரை நோயை 'டைப் 5' என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-ல் ஏற்றுக்கொண்டது. அந்த முடிவுக்குப் பின்னால் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. மேற்கத்திய அளவுகோலை அப்படியே கொண்டுவந்து பல்லடத்து உடம்பில் பொருத்தினால் தப்பாகத்தான் முடியும்.

இனி எதிர்ப்பக்கத்துக் கூற்று. செல்போனில் கொஞ்சம் படித்தவர்கள், லாடாவைக் காட்டும் ஆன்டிபாடிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, 'ஜி.ஏ.டி. ஆன்டிபாடி பாசிட்டிவ்னா ஊசி நிச்சயம்' என்று பயமுறுத்துகிறார்கள். முதல் கூற்று எதையும் கணிக்க முடியாது என்கிறது. இதுவோ, எல்லாம் முடிந்தது என்கிறது. எனக்கு இரண்டும் ஒரே சோம்பலாகத்தான் தெரிகிறது. பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, புதிதாக நோய் வந்த 3,672 வெள்ளையர்களைப் பின்தொடர்ந்து 1997-ல் முடிவை வெளியிட்டது. 35 வயதுக்குள் நோய் வந்து ஜி.ஏ.டி. ஆன்டிபாடியும் இருந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு ஆண்டுகளுக்குள் இன்சுலின் தேவைப்பட்டது. 55 வயதைத் தாண்டி வந்தவர்களில், அதே ஆன்டிபாடி இருந்தும், 34 சதவீதம்தான். ஆன்டிபாடியின் அளவு மிக உயர்வா, எல்லைக்கோட்டிலா, ஒன்றா, ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபாடிகளா என்பதைப் பொறுத்தும் வேகம் மாறுகிறது. ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லை மட்டும் படிக்கிறவர், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை விட்டுவிடுகிறார்.

இன்னொரு சிக்கல், பொய்யான பாசிட்டிவ். ஆயிரம் சர்க்கரை நோயாளிகளில் 30 பேருக்கு உண்மையிலேயே லாடா என்றும், லாடா இல்லாதவர்களில் நூற்றுக்கு இருவரைச் சோதனை தவறாகக் காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான 30 பேரோடு பொய்யாக 19 பேர் சேர்ந்துவிடுவார்கள். அதே சோதனையை, ஐந்து கேள்விகளால் சலித்தெடுத்து, 200 பேருக்கு லாடா இருக்கக்கூடிய ஆயிரம் பேரிடம் செய்தால், 200 உண்மைக்கு எதிரே 16 பொய். அதனால்தான் எல்லோருக்கும் இந்தச் சோதனை எழுதிக் கொடுக்கும் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பாக்கேஜை நான் ஆதரிக்க மாட்டேன். ஜப்பானியர் இன்னும் தெளிவாக நடந்துகொண்டார்கள். 2023-ல் தங்கள் வரையறையைத் திருத்தி, ஆன்டிபாடி இருந்தும் இன்சுலின் சுரப்பு இன்னும் தீராதவர்களை 'உறுதி' என்ற வகையிலிருந்து எடுத்து 'இருக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தார்கள்.

'எச்பிஏ1சி பார்த்தாப் போதுமுங்க' என்பவர்களுக்கு ஒரு பதில்தான். அது கடந்த மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும். கணையத்தில் எவ்வளவு இன்சுலின் மிச்சம் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது சி-பெப்டைட். 2020-ல் பன்னாட்டு நிபுணர்கள் வகுத்த எல்லைகள், நம் ஆய்வகங்கள் அச்சிடும் அலகில் (ng/mL) ஏறக்குறைய இப்படி வரும்: 0.9-க்குக் கீழே என்றால் டைப் 1 போலவே இன்சுலின், 2.1-க்கு மேலே என்றால் டைப் 2 போல மருத்துவம். நடுவில் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். கணிப்பு உட்கார்ந்திருப்பது அந்த நடுப்பகுதியில்தான். ஓர் எண்ணைவிட அடுத்தடுத்த எண்கள் இறங்கும் வேகம் அதிகம் பேசும். சர்க்கரை 400-ல் நிற்கும் நாளில் எடுத்தால் கணையம் களைத்துப்போய் எண் பொய்யாகக் குறையும். அதனால் சர்க்கரையைக் கொஞ்சம் அடக்கிவிட்டு எடுக்க வேண்டும். அதே நேரத்து ரத்தச் சர்க்கரையையும் கூடவே குறிக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்து ஆறு மாதத்தில் கம்பெனி மாறும் பையனுக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பழைய ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துச் செல்போனில் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, 'தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, மாத்திரைதானே' என்பது. தெரிந்தால் மாத்திரையே மாறும். கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகையை இவர்களுக்குத் தவிர்ப்பது நல்லது. டோக்கியோ ஆய்வில் 60 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். இந்த வகை மாத்திரை வாங்கிய 30 பேரில் 13 பேர் முழுக்க இன்சுலினை நம்பும் நிலைக்குப் போனார்கள். தொடக்கத்திலேயே சிறு அளவு இன்சுலின் போட்ட 30 பேரில் 3 பேர் மட்டுமே. சிறிய ஆய்வுதான், ஜப்பானியர்களிடம் நடந்ததுதான். ஆனாலும் 'ஊசியைத் தள்ளிப்போட்டால் கணையம் பிழைக்கும்' என்ற நம்பிக்கையை அது தலைகீழாக்குகிறது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளிலும் கவனம் தேவை. இன்சுலின் குறைந்துவிட்ட உடம்பில் அவை கீட்டோன் விஷமேறும் ஆபத்தைக் கூட்டும். அப்போது சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலேயே வாந்தியும் மூச்சிரைப்பும் வரலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. சிகிச்சையை விட்டுவிட்ட பலரை அது திரும்பக் கொண்டுவந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் வாங்குகிற மாத்திரை தனக்கு ஏற்றதுதானா என்ற கேள்வியை வாசலில் கேட்க முடியாது. நாற்பது வயதில், ஒல்லியாக, இரண்டாண்டாக மாத்திரை கூட்டிக் கூட்டியும் சர்க்கரை இறங்காத ஒருவர், அடுத்த முறை மருத்துவரிடம், "இன்னொரு மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி ஒரு சி-பெப்டைடு பாத்துரலாமுங்களா?" என்று கேட்கலாம்.