சூரியனைப் பார்க்கும் முன் ஜாக்கெட்டைப் பாருங்கள்

கொச்சிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரே கேள்விதான்: "சாயங்காலம் படகில் டின்னர் போகலாமா?"

போகலாம். மரைன் டிரைவில் ஏறினால் போல்காட்டி, வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம், ஃபோர்ட் கொச்சி சீனவலை, கடலில் இறங்கும் சூரியன் எல்லாம் உண்டு. ஸ்பீக்கர் அலறும், பஃபே ஆறிப்போயிருக்கும். அதற்கெல்லாம் நான் சண்டை போடுவதில்லை.

போன மாதம் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் கேட்டேன். "பேடிக்கண்டா சாரே" என்று படகுக்காரர் சிரித்தார். கூட வந்த மச்சானும் சேர்ந்து சிரித்தார்!

இதே கேரளாவில்தான் 2009-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். 2023 மே 7-ல், இருட்டிய பிறகு தானூரில் 22 பேர். பாதிக்கு மேல் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது.

பாங்கில் பத்து ரூபாய் டாலி ஆகாவிட்டால் ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிறோம். படகில் தலை எண்ண ஒரு ஆள் இல்லையா?

டிக்கெட் வாங்கும்போது மெனுவை விடுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், ஜாக்கெட் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இறங்கிவிடுங்கள். ஃபோர்ட் கொச்சி கடற்கரையிலும் அதே சூரியன்தான், டிக்கெட் கிடையாது.