ஊரார் பணத்தில் ஏலம்

இந்திய நிறுவனங்கள் பிற நிறுவனங்களைக் கையகப்படுத்த வங்கிகள் கடன் வழங்கலாம் என்று 2025 அக்டோபர் 1 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் வரைவு விதிகளும் வெளியாயின. கையகப்படுத்தும் விலையில் 70 சதவீதம் வரை வங்கி தரலாம் என்றது அவ்வரைவு. எஞ்சிய 30 சதவீதத்தை நிறுவனம் சொந்த நிதியிலிருந்து போட வேண்டும் என்றும் கூறியது. சேமிப்பாளரின் பணத்தைக் கொண்டு முதலாளிகள் பங்கு வாங்குவதை, சில விலக்குகள் நீங்கலாக, அதுகாறும் ரிசர்வ் வங்கி தடுத்தே வந்தது. அத்தடை காரணமின்றி எழுந்ததன்று. அதை அகற்ற அவசரப்படுவோர் பழைய கணக்கேடு ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

2006 அக்டோபரில், பிரிட்டிஷ்-டச்சு எஃகு நிறுவனமான கோரஸை பங்கு ஒன்றுக்கு 455 பென்ஸ் விலையில் வாங்க டாடா ஸ்டீல் முன்வந்தது. கோரஸின் உற்பத்தி அன்றைய டாடா ஸ்டீலைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பிரேசிலின் சிஎஸ்என் நிறுவனம் போட்டிக்கு வந்தது. விலை 475, 500, 515 என ஏறியது. 2007 ஜனவரி இறுதியில் ஒரே இரவில் ஒன்பது சுற்று ஏலம் நடந்தது. சிஎஸ்என் 603 பென்ஸில் நின்றது. டாடா 608 பென்ஸுக்கு வென்றது. மொத்தம் சுமார் 620 கோடி பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,200 கோடி டாலர். நான்கு மாதத்திற்குள் விலை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்நான்கு மாதத்தில் கோரஸின் உலைகள் ஒன்றுகூடக் கூடவில்லை. இந்தியா உலகை வெல்கிறது என்று முதலாளித்துவ ஏடுகள் கொண்டாடிய அதே நாளில், மும்பைப் பங்குச்சந்தையில் டாடா ஸ்டீல் பங்கின் விலை சுமார் 10 சதவீதம் சரிந்தது.

இதைத் தனிமனிதரின் பேராசை என்றோ கணிப்புப் பிழை என்றோ ஒதுக்கிவிட முடியாது. ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் பொருளின் மதிப்பை எல்லோரையும்விட மிகையாகக் கணித்தவரே. ஆலோசனை கூறும் முதலீட்டு வங்கிகளுக்கோ பேரம் முடிந்தால்தான் பெருங்கட்டணம். வேண்டாம் என்று சொல்லும் ஆலோசனைக்கு அவ்வளவு விலை இல்லை. நிறுவனம் பெரிதானால் நிர்வாகிகளின் ஊதியமும் செல்வாக்கும் பெரிதாகும். விற்கும் பங்குதாரர்கள் கூடுதல் விலையைக் கையில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தான் வாங்காவிடில் போட்டியாளன் வாங்கிவிடுவான் என்ற அச்சம். மூலதனம் புதிதாகப் பெருகுவது வேறு, இருக்கும் மூலதனங்கள் ஒரே கைக்குள் சேர்வது வேறு என்று ‘மூலதனம்’ முதல் பாகத்தில் மார்க்ஸ் பிரித்துக் காட்டினார். பின்னதற்குப் போட்டியும் கடனும் இரு வலிய நெம்புகோல்கள் என்றும் சுட்டினார். கோரஸ் ஏலத்தில் இவ்விரண்டும் ஒருங்கே இயங்கின.

கொடுத்த விலைக்கும் வாங்கிய நிறுவனத்தின் நிகரச் சொத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கேட்டில் ‘நற்பெயர்’ என்று எழுதிச் சொத்தாகக் காட்டுவது வழக்கம். எந்தப் புலவர் சூட்டிய பெயரோ! எதிர்பார்த்த லாபம் வராதபோது அந்த நற்பெயர் அழிக்கப்படும். 2013 மே மாதம் டாடா ஸ்டீல் இவ்வகையில் சுமார் 160 கோடி டாலரைக் கணக்கிலிருந்து நீக்க நேர்ந்தது. நற்பெயரைப் பேனாவால் அடித்துவிடலாம். அதற்காக வாங்கிய கடனை அவ்வாறு அடிக்க முடியாது. 2008 நெருக்கடிதான் காரணம், யார் எதிர்பார்த்தார் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. எஃகின் விலை ஏறி இறங்குவது அத்தொழிலில் எவரும் அறிந்ததே. உச்சத்தில் நிர்ணயித்த விலைக்கு வாங்கிய கடன், தேவை சரியும்போது தானும் சரிவதில்லை.

அக்கடனும் நட்டமும் யார் தலையில் விடிந்தன? டீஸ்சைட் ஆலை 2010 இல் நிறுத்தப்பட்டது. பின்னர் தாய்லாந்து நிறுவனத்திற்கு விற்கப்பட்டு 2015 இல் அடியோடு மூடப்பட்டது. 2016 இல் ஸ்கன்தார்ப் ஆலை ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அதற்காகத் தொழிலாளர் ஊதிய வெட்டை ஏற்க வேண்டியிருந்தது. 2017 இல் ஓய்வூதியத் திட்டம் நிறுவனத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலை அணைந்தது. சுமார் 2,800 வேலைகளை நீக்கும் திட்டத்தின் பகுதி அது. புதிய மின்வில் உலைக்கு பிரிட்டிஷ் அரசு 50 கோடி பவுண்டு மானியம் தருகிறது. ஐரோப்பிய நட்டத்தின் ஆண்டுகளில் நிறுவனத்தைத் தாங்கி நின்றது ஜாம்ஷெட்பூர் தொழிலாளரின் உழைப்பு.

பொதுத்துறை வங்கிகள் நடுவில் மாட்டிக்கொண்டால் என்னாகும் என்பதற்கு கிங்ஃபிஷர் சாட்சி. வெளிநாட்டுச் சேவைக்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்ற விதியைத் தாண்ட, 2007 இல் நட்டத்தில் பறந்த ஏர் டெக்கனை அது வளைத்துப்போட்டது. 2011 இல் ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிகள் தம் கடனின் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டன. ஏற்றுக்கொண்ட விலையோ அன்றைய சந்தை விலையைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல்! அடுத்த ஆண்டு அக்டோபரில் விமானங்கள் நின்றன. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் வரவில்லை. வட்டியுடன் சுமார் 9,000 கோடி ரூபாய் பாக்கி வைத்துவிட்டு உரிமையாளர் 2016 இல் லண்டன் சென்றார்.

மூன்றாண்டு லாபம் ஈட்டிய, பங்குச்சந்தையில் பதிவான நிறுவனங்களுக்கே கடன் என்று 2025 வரைவு விதி காப்புறுதி கூறியது. இந்நிபந்தனை கிங்ஃபிஷரைத் தடுத்திருக்கும். ஆனால் 2007 இன் டாடா ஸ்டீல் இதில் சிரமமின்றித் தேறியிருக்கும். வரைவின் அக்கறை முழுவதும் கடன் திரும்புவதைப் பற்றியதாக இருந்தது. வாங்கப்படும் ஆலையின் தொழிலாளருக்கு வேலையோ ஓய்வூதியமோ நிலைக்குமா என்பதற்கு அதில் இடமிருக்கவில்லை. இத்தகைய கடன்களின் அளவும், பெறுபவர் பெயரும், மதிப்பீட்டு அறிக்கையும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். தொழிற்சங்கத்தின் ஒப்புதலின்றி எந்தப் பொதுத்துறை வங்கியும் இதற்குக் கையெழுத்திடக் கூடாது. அதுவரை இத்தகைய கடன்கள் நிறுத்தி வைக்கப்பட வேண்டும்.