யாரை வெளியே அனுப்பினோம்?

"பெண்பிள்ளைக்கு ஓட்டமும் பந்தாட்டமும் எதற்கு?" மண்டகப்பட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விளையாட்டில் முந்தும் சிறுமியைப் பார்த்து எழும் கேள்வி இது. பயிற்சியாளர்களின் பாலியல் கொடுமைகள் செய்தியாகும்போதெல்லாம் இக்கேள்வி இன்னும் வலுக்கிறது. சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் 2021 இல் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதானபோதும் அப்படித்தான். ஆனால், அன்பர்களே, குற்றம் திடலில் இல்லை. சான்றோர் எனப்படும் நம் மௌனத்தில் இருக்கிறது.

1990 ஆகஸ்டு 12. அரியானா மாநிலம் பஞ்ச்குலாவில் 14 வயது டென்னிஸ் வீராங்கனை ருச்சிகா கிர்ஹோத்ராவிடம், டென்னிஸ் சங்கத் தலைவரும் காவல்துறை ஐ.ஜி.யுமான எஸ்.பி.எஸ். ரத்தோர் முறைகேடாக நடந்துகொண்டார். சிறுமி அஞ்சாமல் புகார் கொடுத்தாள். அடுத்த மாதமே பள்ளி அவளை நீக்கியது. கட்டணம் கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அவளுடைய அண்ணன்மீது கார் திருட்டு வழக்குகள் பாய்ந்தன. 1993 டிசம்பரில் அவள் நஞ்சருந்தி இறந்தாள். ரத்தோரோ 1999 இல் மாநிலக் காவல்துறைத் தலைவரானார்! 2009 இல்தான் தீர்ப்பு வந்தது: ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் ஒன்றரை ஆண்டாக உயர்ந்த தண்டனையை, 2016 இல் உச்சநீதிமன்றம் அவர் ஏற்கெனவே கழித்த ஆறு மாதங்களோடு நிறுத்திக்கொண்டது.

அவளை வெளியேற்றிய பள்ளி எது? சண்டிகரில் நம் அருட்சகோதரிகள் நடத்திய திரு இருதயப் பள்ளி. இதைச் சொல்ல நாக்கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் விடுவது அடுத்த பாவம். புகார் சொன்னவள் வெளியே. புகாருக்கு ஆளானவர் நாற்காலியில். இதுவா நாம் கற்பிக்கும் நீதி?

"நிறுவனத்தின் நற்பெயர் கெடுமே" என்பார் சிலர். கெடுவது உண்மையைச் சொல்வதாலா, மறைப்பதாலா? 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பெண்கள் பணியிடப் பாதுகாப்புக்கான 2013 ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டரங்கையும் பணியிடமாகவே எண்ணுகிறது. சிறியோருக்கு இடறலாய் இருப்பவனின் கழுத்துக்கு எந்திரக்கல்லைக் குறித்த ஆண்டவரின் எச்சரிக்கை இவற்றிற்கெல்லாம் முந்தியது.

எனவே பெற்றோரே, மகளின் காலணியைப் பறிக்காதீர்கள். அவளை அனுப்பும் பள்ளியிடமும் சங்கத்திடமும் கேளுங்கள்: புகாரைக் கேட்பவர் யார்? பயிற்சியாளரோடு அவள் தனியே பயணம் செய்ய நேருமா? வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பொறுப்பாளர் உடன் வருவாரா? பதில் தராத இடத்தைத் தட்டிக் கேளுங்கள். அதற்கும் மேலாக, அவள் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வரும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அன்று அந்தப் பள்ளி மூடிய கதவை நம் வீட்டிலும் மூடவேண்டாம்.