ஆணா பெண்ணா: கேட்கிறது யாரு?

மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதையைக் கையில் எடுக்கிற நம் மாணவத் தோழர்கள் பலரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஆண்-பெண் என்கிற இருமை அங்கே எப்போதோ உடைந்துவிட்டதாம். வாள் பிடித்த பெண் ஒருத்தி கால்சட்டை போட்டுக் குதிரையில் வந்தால் போதும், கட்டுடைப்பு நடந்துவிட்டது என்று கைதட்டிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கால்சட்டையை மாட்டிவிட்டது யார், எதற்காக என்று கேட்க வேண்டாமா?

தெசுகா ஒசாமு 1953-ல் தொடங்கிய 'ரிபோன் நோ கிஷி'யை எடுத்துக்கொள்வோம். இளவரசி சஃபையர் ஆண் இதயம், பெண் இதயம் இரண்டோடும் பிறக்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைப் பையன் என்று சொல்லி ஏன் வளர்க்கிறார்கள்? ஆண்பிள்ளைதான் பட்டத்துக்கு வரலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆண் இதயம் பறிபோனால் வாள்வீச்சும் கூடவே போய்விடுகிறது. வீரம் எந்த இதயத்தில் இருக்கிறது என்பதில் தெசுகாவுக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் கல்யாணம், சுபம்.

இகெதா ரியோகோவின் 'வெர்சாயு நோ பாரா' (1972-73) இதைவிடப் பல படி மேல். பிரெஞ்சுத் தளபதிக்கு ஆறாவதும் பொண்ணாப் போச்சு. சரி, இதைப் பையனாவே வளர்த்துடுவோம் என்று அப்பன் முடிவு பண்ணிவிடுகிறான். ஒஸ்கார் என்று ஆம்பளைப் பேரும் வைத்தாயிற்று. பிற்பாடு அதே அப்பன் மனசு மாறி மாப்பிள்ளை பார்க்கிறான். இரண்டு தடவையும் ஒஸ்காரை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பார்க்க வைத்த விருந்துக்கு ஆண் உடையிலேயே போய் நின்றது, பிரபுக் குலத்தை உதறி மக்கள் பக்கம் சேர்ந்து 1789 ஜூலை 14-ல் பாஸ்டில் கோட்டை முன் செத்தது, இந்த இடங்களில்தான் ஒஸ்கார் தன் உடுப்பைத் தானே போட்டுக்கொண்டது. அதற்கு முன்னால் போட்டிருந்ததெல்லாம் அப்பன் வீட்டு வாரிசுச் சட்டை.

இந்த வாரிசுக் கணக்கு கதையோடு நின்றுவிடவில்லை. ஜப்பானில் கொசேகி என்றொரு குடும்பப் பதிவேடு உண்டு. வெறும் ஆளாக அதில் ஏற முடியாது. மூத்த மகன், இரண்டாவது மகள் என்றுதான் ஏறணும். இதே பதிவேட்டைப் புரட்டித்தான் கல்யாணத்துக்கும் வேலைக்கும் முன்னால் புராக்கு மக்களின் பூர்வீகத்தைத் தோண்டினார்கள். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலினப் பதிவை மாற்ற 2003-ல் சட்டம் வந்தது, ஆனால் இனப்பெருக்கத் திறனை இழந்துவிட்டு வா என்றது. 2023 அக்டோபர் 25-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை அரசமைப்புக்கு விரோதம் என்றது. அப்போதும் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குத் தாவலாம், அவ்வளவுதான். இரண்டிலும் இல்லாதவருக்குக் கட்டமே கிடையாது.

அப்படி இரண்டிலும் இல்லாதவர் கமாத்தானி யூகி. தன்னை 'எக்ஸ்-ஜெண்டர்' என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டவர். ஜப்பானிலேயே உருவான பெயர் இது. அவருடைய 'ஷிமானாமி தசோகரே' (2015-18) நாலே தொகுதிதான். ஒனோமிச்சி என்கிற கடலோர ஊர். ஆண் மீதான தன் ஆசை வகுப்பில் தெரிந்துபோகுமோ என்று சாக நினைக்கிற தசுகு என்கிற பையன் ஒரு பேச்சறையில் வந்து சேர்கிறான். அதை நடத்துபவரின் பேரே தரேக்கா-சான், அதாவது 'யாரோ ஒருவர்'. அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. நீயாகச் சொன்னால் உண்டு.

அங்கே மிசோரா என்று ஒரு பள்ளிப் பிள்ளை. வெளியே பையன் உடை, பேச்சறைக்குள் பெண் உடை. பெண்ணாகணுமா என்றால் மிசோராவுக்கே தெரியாது. தசுகு, நல்லெண்ணத்தில்தான், திருவிழாவுக்கு அந்த உடையிலேயே வா என்று உசுப்பிவிடுகிறான். கூட்டத்தில் எவனோ கைவைக்கிறான். பிள்ளை நொறுங்கிப்போகிறது. பெண்ணாய் வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிற உத்சுமியிடம் பழைய பள்ளித்தோழி ஒருத்தி வருகிறாள். உன்னைப் புரிந்துகொண்டேன், உனக்கு நான் துணை என்று விடாமல் நச்சரிக்கிறாள். நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிற முற்போக்கு நண்பர் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லையா? எதிரி ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவான். இந்த அனுதாபிகள்தான் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இசயாமா ஹஜிமேயின் 'அட்டாக் ஆன் டைட்டன்' (2009-21) கதையில் ஹன்ஜி என்கிற படைத்தலைவர் ஆணா பெண்ணா என்று சொல்லப்படவில்லை. ஜப்பானிய வினைச்சொல்லில் பால் கிடையாது, அதனால் அங்கே தொல்லையில்லை. ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் ஹீயா ஷீயா என்று கேள்வி வந்தது. ரெண்டும் வேண்டாம் என்பது ஆசிரியரின் பதில்.

தமிழில் எழுத உட்கார்ந்தால் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்: வந்தான், வந்தாள். பாலைக் கேட்காமல் சொல்ல நம்மிடம் இருப்பது 'அவர் வந்தார்'. அது மரியாதைச் சொல். அந்த மரியாதை யாருக்குக் கிடைத்தது? பேரன் எடுத்த நம் தாத்தனை ஊர்த்தெருப் பொடியன் 'வாடா' என்றான். கேள்வி கேட்காத அந்தச் சொல்லையும் சாதி தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. மிச்சம் 'அது'. 'அது போகுது பார்' என்று திருநங்கைகளைப் பார்த்துச் சிரித்த வாய்களில் நம் வாயும் உண்டு.

கமாத்தானிக்கும் தரேக்கா-சானுக்கும் ஹன்ஜிக்கும் மேலே மரியாதை விகுதிதான் போட்டிருக்கிறேன். மிசோராவுக்குப் போடவில்லை. சின்னப் பிள்ளைக்கு அது ஒட்டவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி 'புள்ள இன்னும் வரல, பசியோட வரும்' என்று அம்மா சொல்வாளே, அந்த 'வரும்' போதும் என்று விட்டுவிட்டேன்.