வலையை அறுத்தவனுக்கு யார் வலை தருவது?

 

ஹவாய்த் தீவில் எடுத்த ஒரு காணொளி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2023 மே மாதம் நடந்தது. ஒருவர் கயாக்கில், அதாவது ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகில், ஓவாஹு தீவின் கரையை விட்டுத் தள்ளிப்போய் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஒரு புலிச்சுறா பாய்ந்து வந்து படகைக் கவ்வுகிறது. அவர் காலால் உதைத்துத் தள்ளுகிறார். எல்லாம் சில விநாடிகள்தான். சுறா போய்விடுகிறது. அவர் காயமில்லாமல் கரைக்குத் திரும்பிவிட்டார். படகில் இருந்த கேமரா அத்தனையையும் பதிவு செய்துவிட்டது.

2025 பிப்ரவரியில் இன்னொன்று வந்தது. சிலி நாட்டின் தென்கோடியில், மெகல்லன் நீரிணையில், ஓர் இளைஞர் காற்றடைத்த சிறு படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்று வாயைத் திறந்தபடி மேலே வந்து அவரைப் படகோடு வாய்க்குள் வாங்கி, அடுத்த நொடியே வெளியே விட்டுவிட்டது. பக்கத்துப் படகில் இருந்த அவருடைய அப்பா அதைப் படம் பிடித்தார். 'மனிதனை விழுங்கித் துப்பிய திமிங்கலம்' என்ற தலைப்போடு எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள். உண்மையில் அந்தத் திமிங்கலத்தின் தொண்டை ஓர் ஆளை விழுங்கும் அளவுக்கு அகலம் கிடையாது. பொடி மீன் கூட்டத்தை அள்ள வந்த வாயில் இவர் தவறிப்போய் அகப்பட்டார்.

இந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இவ்வளவு சின்னப் படகில் கடலுக்குள் போகலாமா சார்?"

எனக்குச் சிரிப்பு வருகிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நம் விழுப்புரம் மாவட்டத்தின் கடல் அங்கேதான் இருக்கிறது. எக்கியார்குப்பம், அனுமந்தை, கூனிமேடு என்று வரிசையாகக் குப்பங்கள். அங்குள்ளவர்களின் தாத்தாக்கள் நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அலை மேலேறி வந்து இடுக்கு வழியாக இறங்கிப் போகிற கட்டுமரத்தில் நின்றுகொண்டே கடலுக்குப் போனவர்கள். நாம் கட்டிய அந்த மரத்தின் பெயரைத்தான் ஆங்கிலேயர் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டு போனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஆனாலும் கடலின் கணக்கில் அதுவும் சின்னப் படகுதான். ஹவாய்க்காரருக்கு வாழ்க்கையில் ஒருமுறை நடந்தது, இவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதி.

மரக்காணம் பக்கம் வேலை பார்த்த ஆண்டுகளில் குப்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் படித்தார்கள். அவர்களில் ஒருவன் இன்றைக்கு அண்ணனோடு சேர்ந்து ஃபைபர் படகு வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன், பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னான். விடியற்காலம் வஞ்சிர வலையை இழுத்திருக்கிறார்கள். வலை கனத்தது. நல்ல பாடு என்று சந்தோஷப்பட்டு இழுக்க இழுக்க, படகே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீருக்கடியில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக ஒரு முதுகு.

"நம்ம போட்டுல முக்காவாசி நீளம் இருக்கும் சார். வாலைத் தூக்கி ஒரு அடி அடிச்சிருந்தா நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு இல்ல. ஆனா அது அடிக்கவே இல்ல சார். சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு."

திமிங்கலச் சுறா. உலகத்திலேயே பெரிய மீன். பெயரில்தான் சுறா இருக்கிறது. மிதவை உயிரிகளையும் பொடி மீன்களையும் வடிகட்டித் தின்று வாழும் பரம சாது.

"என்னப்பா பண்ணீங்க?"

"அண்ணன் கத்திய எடுத்து அறுத்துவுட்டுட்டாரு சார். பாதி வலை போச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எதுக்கு சார்? சொன்னா கேஸாயிடும்னு பயம்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

அவன் பயம் வெறும் பயமில்லை. திமிங்கலச் சுறா 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டது. நம் நாட்டில் அந்த அட்டவணைக்குள் போன முதல் மீன் அதுதான். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்குக் குறை இல்லை, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் தண்டனை இருப்பது குப்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. நல்லது செய்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது தெரியவில்லை. அப்புறம் அவன் எதற்கு வாயைத் திறக்கப்போகிறான்?

வலை என்றால் என்னவென்று கரையில் இருக்கும் நமக்குச் சரியாகப் புரிவதில்லை. அது கடையில் வாங்கிய கயிறு இல்லை. வட்டிக்கு வாங்கிய பணம். ஏலம் எடுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடிக்கிற மீனையெல்லாம் அவரிடமே கொடுப்பதாகப் பேசி வாங்கிய வலை அது. பாதியை அறுத்து எறிந்தால், மீதியைத் தைத்துச் சேர்க்கிற வரைக்கும் தொழில் கிடையாது, கடன் மட்டும் ஓடும். அந்த அண்ணன் இருட்டில் கத்தியை எடுத்தபோது வீட்டுக் கணக்கையும் சேர்த்துத்தான் அறுத்தார்.

இதையே அறுக்க மனம் வராத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. மூத்த பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். வலையைக் காப்பாற்றப் பார்ப்பார். அதற்குள் விலங்கு செத்துவிடும். செத்ததைச் சத்தமில்லாமல் கடலிலேயே விட்டுவிட்டு வருவார். காப்பாற்றியவரும் சொல்வதில்லை, காப்பாற்றாதவரும் சொல்வதில்லை. நம் கடலில் என்ன நடக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

குஜராத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வேராவல் பக்கத்துக் கடலில் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவை வேட்டையாடிக்கொண்டிருந்தவர்கள் அங்குள்ள மீனவர்கள். ஈரலில் இருந்து எடுக்கும் எண்ணெயைப் படகுக்குப் பூசுவார்கள். சட்டம் வந்ததும் வேட்டை நின்றது. ஆனால் வலையில் தானாக வந்து விழுவது நிற்குமா? 2004 வாக்கில் வனத்துறையும் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா அமைப்பும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, 'இது பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள்' என்ற பொருளில் பேசினார். அந்த மக்களின் மனதில் அது தைத்தது. ஆனால் பேச்சோடு விடவில்லை. வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை நிவாரணம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதிகாரி வந்து பார்க்கும் வரை விலங்கு தாங்காது என்பதால், மீனவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். அறுத்துவிடு, படம் எடு, கரைக்கு வந்து காட்டு. அவ்வளவுதான் நடைமுறை. வேட்டையாடிய அதே கடலில் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் உயிரோடு திரும்பிப் போயிருக்கின்றன. 2018-ல் மகாராஷ்டிரமும், பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுவிக்க வலையை அறுப்பவர்களுக்கு 25,000 வரை தருவதாக அறிவித்தது.

அபராதமும் 25,000, நிவாரணமும் 25,000. எது வேலை செய்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் மாநிலம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கடல் பசுவுக்காக நாட்டின் முதல் பாதுகாப்பகத்தை 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்தது தமிழ்நாடுதான். வலையில் சிக்கிய கடல் பசுவை விடுவித்த மீனவர்களை மேடையேற்றிப் பரிசும் கொடுத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் பரிசு வேறு, இழப்பீடு வேறு. பரிசு என்பது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. இழப்பீடு என்பது கேட்டு வாங்குவது.

நம் திண்டிவனம் பக்கத்து விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றி புரட்டிப் போட்டுவிட்டால் அவர் எங்கே போகிறார்? கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறார், வனத்துறைக்கு மனு எழுதுகிறார். கிடைக்கிற தொகை போதுமா, சீக்கிரம் வருகிறதா என்பதெல்லாம் வேறு சண்டை. ஆனால் 'காட்டு விலங்கால் எனக்கு நஷ்டம், அரசு ஈடு செய்ய வேண்டும்' என்று நிமிர்ந்து கேட்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. கடலில் உழுகிறவனுக்கு மட்டும் அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை? அவன் விளைநிலத்துக்குள்ளும் காட்டு விலங்கு வருகிறது. ஒரே வித்தியாசம், அவன் அதை விரட்டவில்லை, தன் கைக்காசைப் போட்டு வழியனுப்பி வைக்கிறான்.

இரண்டு கேள்விகள் வரும் என்று தெரியும்.

முதலாவது, "காசு கொடுத்தால் பொய்க் கணக்கு வராதா?" வரலாம். எந்தத் திட்டத்தில் வரவில்லை? இன்றைக்கு எல்லாப் படகிலும் கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. வலையில் சிக்கிய விலங்கு, அறுக்கும் காட்சி, நீந்திப் போகும் காட்சி என்று ஒரு நிமிடக் காணொளி போதும். நேரமும் இடமும் சேர்ந்தே பதிவாகும். சினிமாக்காரர்களாலும் திமிங்கலச் சுறாவை வாடகைக்கு எடுத்து வர முடியாது.

இரண்டாவது, "ஆமைகள் சாவது இந்த மீனவர்களால்தானே?" இதற்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. சென்னைப் பக்கம்தான் அதிகம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது. ஆமை நம்மைப் போலக் காற்றைச் சுவாசிக்கும் உயிர். மேலே வந்து மூச்சு வாங்க முடியாதபடி இழுவை வலைக்குள் மாட்டிக்கொண்டால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் இழுவை வலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் காத்திருப்பது அந்தக் கரையோரக் கடலில்தான். ஆமை தப்பித்துப் போகும் திறப்புள்ள கருவியை இழுவை வலையில் பொருத்த வேண்டும் என்பதையும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். விதியை மீறுபவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் பெரிய படகுக்காரரின் குற்றத்தையும் சின்னப் படகுக்காரனின் விபத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சின்னப் படகின் வலையில் சிக்கும் ஆமை உயிரோடும் கைக்கு வரலாம். அதை அறுத்துவிடுவதா வேண்டாமா என்று அந்த இடத்தில் முடிவு செய்பவன் ஒரே ஒருவன்தான். வனத்துறைப் படகோ, தன்னார்வலரோ, கேமராவோ அங்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சந்திப்புகளில் ஆபத்து மீனவனுக்கும் உண்டு, ஆனால் நாம் காணொளியில் பார்த்துப் பயப்படுகிற பெரிய உருவத்தால் அது வருவது அபூர்வம். வலையோடு ஏறி வரும் கடல் பாம்பு சின்னதாக இருக்கும், கடித்தது பல நேரம் வலிக்கக்கூடச் செய்யாது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கானது. கடல் பாம்பின் விஷத்துக்கு அது ஆகாது. அப்படிப்பட்ட வேலைக்குத்தான் இவர்கள் தினமும் போகிறார்கள். அவர்களைப் பார்த்து, 'இயற்கையைக் காப்பாற்று, செலவும் உன்னுடையதே' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை விடுவிக்க வலையை அறுக்கும் ஒவ்வொரு மீனவருக்கும் வலையின் விலை உரிமையாகக் கிடைக்க வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள். ஆறு மாதம் கழித்து வந்தால் வட்டி அதைத் தின்றுவிடும்.

இரண்டு, தகவல் சொல்பவர் மேல் வழக்கு வராது என்று எழுத்தில் உறுதி வேண்டும். அந்த அறிவிப்பை மீன் ஏலக் கூடத்தின் சுவரில், பெரிய எழுத்தில், நல்ல தமிழில் எழுதி வைக்க வேண்டும். அலுவலகக் கோப்பில் இருக்கும் அறிவிப்பைப் படிக்கக் கடலுக்குப் போகிறவனுக்கு நேரம் இல்லை.

மூன்று, அவர்கள் எடுக்கும் படங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். எந்த மாதம், எந்த இடத்தில், எந்த உயிர் வந்தது என்று பத்து வருடக் கணக்கு நம் கையில் இருந்தால், விழுப்புரம் கடலைப் பற்றி நம் பிள்ளைகள் நம் ஊர்க்காரர்கள் எழுதியதையே படிப்பார்கள்.

மரக்காணம் பக்கத்தில் இருக்கும் என் பழைய மாணவர்களே, அடுத்த மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். திண்டிவனத்தில், விழுப்புரத்தில் இருக்கும் நண்பர்களே, நம் மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதை வஞ்சிரம் வாங்கும்போது மட்டும் நினைத்தால் போதாது. உங்களுக்குத் தெரிந்த சட்டமன்ற உறுப்பினர், ஊராட்சித் தலைவர், அதிகாரி யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தை பிறந்தால் ஆமைகள் கரைக்கு வரத் தொடங்கும். அதற்குள் ஒரு குப்பத்துச் சுவரிலாவது அந்த அறிவிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும்.