கலத்தியா விரிகுடாவில் எதைக் காணப் போகிறோம்?

மழை ஓய்ந்ததும் புணே நகரில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடுகிறது. தீபாவளி விடுமுறைக்கு அந்தமான் செல்லவிருக்கும் மராத்தி நண்பர் ஒருவர், தீவுகளில் தவறாமல் காண வேண்டியது எதுவென என்னிடம் கேட்டார். பெரிய நிக்கோபார் என்றேன். அதே வேளையில், அதனை அவர் பிள்ளைகள் காண்பார்களா என்ற ஐயமும் எழுந்தது. இப்பதிவு அந்த ஐயத்தின் விளைவு.

இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை இத்தீவில்தான் உள்ளது. சோழர் கல்வெட்டில் மாநக்கவாரம் எனக் குறிக்கப்படுவது நிக்கோபார் தீவுகளே என்பர் அறிஞர். 1969 முதல் இங்குக் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழரும் உண்டு, மராத்தியரும் உண்டு. ஆகவே எங்கள் இருவருக்கும் இது முற்றிலும் அயல்நிலம் அன்று.

தீவின் தெற்கே, கலத்தியா ஆறு கடலில் கலக்கும் மணற்கரையில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடுகின்றன. உலகின் மிகப்பெரிய கடலாமை இனம் இதுவே. சிறிய அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட இவ்வினத்து ஆமைகளுள் சில ஆஸ்திரேலியா வரையிலும், ஒன்று மொசாம்பிக் வரையிலும் நீந்திச் சென்றதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். பெருங்கடலையே வாழிடமாகக் கொண்ட உயிர், முட்டையிட மட்டும் குறிப்பிட்ட சில கரைகளைத் தேடி வருகிறது. கரையோரக் காட்டில் வாழும் நிக்கோபார் மெகாபோடு பறவை அடைகாப்பதில்லை. மண்ணையும் இலைச்சருகையும் மேடாகக் குவித்து அதனுள் முட்டைகளைப் புதைக்கிறது. சருகு மக்கும் வெப்பத்தில் குஞ்சு பொரிகிறது. தென்னை மரமேறும் கொள்ளை நண்டும், நீண்ட வால் குரங்கும், உவர்நீர் முதலையும் இங்கு உண்டு.

இந்த விரிகுடாவில்தான் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமையவிருக்கிறது. உடன் விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம். 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டபோது திட்ட மதிப்பு 72,000 கோடி ரூபாய்; வேறு பயனுக்கு மாற்றப்படும் காடு 130 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1997இல் ஆமைகளுக்கென அறிவிக்கப்பட்ட சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு வெளியான தேசியக் கடலாமைச் செயல்திட்டமோ இக்கரையை முதன்மையான முட்டையிடும் தளங்களுள் ஒன்றாகக் குறிக்கிறது.

திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மலாக்கா நீரிணைக்கு அருகில் அமைந்த இடம். நம் சரக்குகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறுகின்றன. நாட்டின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. எனினும் கப்பல் மாற்றும் பணிக்கென்றே விழிஞ்ஞம் துறைமுகம் 2025இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. பாதுகாப்புக்குக் கடற்படைத் தளம் தேவையெனில், சுமார் 8,000 பேர் வாழும் தீவில் மூன்றரை இலட்சம் பேருக்கான நகரம் எதற்கு? 2004 நிலநடுக்கத்தில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அதன் கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் இன்று கடல்நீரில் நிற்கிறது. அந்நிலத்தின் மீது நகரம் எழுப்புவது எவ்வகைப் பாதுகாப்பு?

என்னை மிகவும் உறுத்துவது ‘ஈடு’ என்னும் சொல். வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடப்படும் என்றனர். பவளத்திட்டுகளைப் பெயர்த்து வேறிடத்தில் பதிப்பர். ஆமைக்கும் மெகாபோடுக்கும் வேறு தீவுகளில் சரணாலயம் அறிவித்தாயிற்று. ஆரவல்லிக் குன்றடியில் மெகாபோடு மேடு கட்டுமா? அரசாணையைப் படித்துவிட்டு ஆமை கரை மாறுமா? மரத்தை எண்ணிவிடலாம், காட்டை எண்ணிக்கையாக்க முடியாது.

மனிதருக்கும் இதே கணக்குத்தான். 2011 கணக்கெடுப்பின்படி சோம்பென் மக்கள் 229 பேர். ஆழிப்பேரலைக்குப் பின் இடம்பெயர்க்கப்பட்ட நிக்கோபாரியர் தம் பழைய ஊர்களுக்குத் திரும்பவே விழைகின்றனர். அவர்களது பழங்குடி மன்றம் தான் அளித்த இசைவை 2022இல் திரும்பப் பெற்றது. இசைவை மீட்டுக்கொண்ட பின்னும் பணி தொடருமானால், அவர்களிடம் கேட்டது எதற்காக?

நண்பரிடம் இறுதியாக ஒன்று சொன்னேன்: அந்தமானுக்குச் சென்று வாருங்கள், திரும்பியதும் இந்த விரிகுடாவைப் பற்றி நான்கு பேரிடம் மராத்தியில் பேசுங்கள். நான் தமிழில் எழுதுகிறேன். நாம் காணாமலே போனாலும் குறையில்லை. அந்தக் கரை ஆமைகளுக்கு இருந்தால் போதும்.