டர்போ சி++க்கு எப்போது காரியம் செய்யப் போகிறோம்?

"சி++ ரொம்பக் கஷ்டம் மச்சி", "அதெல்லாம் பழைய மொழி", "பைத்தான் இருக்கும்போது அது எதுக்கு?" என்று சொல்பவர்களைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். அவர்களில் பலர் சி++ படித்தே இருக்க மாட்டார்கள். அவர்கள் படித்தது டர்போ சி++. இரண்டும் ஒன்றுதான் என்று நம்மை நம்ப வைத்தது நம் ஊர் கம்ப்யூட்டர் லேப்கள் செய்த பெரிய அநியாயம். அதைப் பற்றித்தான் இந்தப் புலம்பல்.

கொஞ்சம் வரலாறு. பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப் இந்த மொழிக்கான வேலையை 1979-இல் ஆரம்பித்தார். போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி++ 1990-இல் வந்தது. நம் லேப்களில் குடியிருக்கும் 3.0 பதிப்பு அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்தது. சி++க்கு முதல் ஐ.எஸ்.ஓ. தரம் வெளியானதோ 1998-இல். அதாவது, மொழியின் இலக்கணம் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே வெளிவந்த ஒரு கம்பைலரை வைத்து நமக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்! அதற்குப் பிறகு 2011, 2014, 2017, 2020, 2023 என்று புதிய தரங்கள் வந்துவிட்டன. போர்லாண்டையே 2009-இல் மைக்ரோ ஃபோகஸ் வாங்கிவிட்டது. நாம் மட்டும் நீலத் திரையை விட்டு நகரவில்லை.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். இது 16 பிட் டாஸ் காலத்து மென்பொருள். இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டு, பல ஜி.பி. மெமரி உள்ள கணினியை ஒரு பழைய டாஸ் கணினி போல நடிக்க வைத்து, அதற்குள் டர்போவை ஓட்டுகிறோம். புது வீடு கட்டி, உள்ளே ஓலைக் குடிசை போட்டு, குடிசைக்குள் குடித்தனம் நடத்துவது மாதிரி.

இதில் மாணவனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மூன்று உதாரணம் தருகிறேன்.

ஒன்று, ஃபேக்டோரியல். எல்லா லேபிலும் போடும் புரோகிராம். டர்போவில் 'இன்ட்' என்பது 16 பிட், அதிகபட்சம் 32767. 7 கொடுத்தால் 5040 வரும், சரி. 8 கொடுத்தால் 40320 வர வேண்டிய இடத்தில் -25216 வரும். "லாங் போடுப்பா" என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. இன்றைய கம்பைலர்களில் 'இன்ட்' சாதாரணமாக 32 பிட். 8 என்ன, 12 வரைக்கும் சரியான விடை வரும்.

இரண்டு, பெயர். 20 இடம் உள்ள கேரக்டர் அரேயை வைத்து, 'கெட்ஸ்' போட்டு பெயரை வாங்கச் சொல்வார்கள். திருச்சிற்றம்பலம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலே 17 எழுத்து. கூட அப்பா பெயரையும் அடித்தால் பக்கத்து மெமரியெல்லாம் நாசம். இந்த 'கெட்ஸ்' ஆபத்தானது என்று சி++14 தரத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஆனால் நம் ரெக்கார்டு நோட்டிலிருந்து அதைத் தூக்க ஆளில்லை. 'ஸ்டிரிங்' என்ற வகை 1998 தரத்திலேயே இருக்கிறது. பெயர் எவ்வளவு நீளமானாலும் அது வாங்கிக்கொள்ளும்.

மூன்று, டிஸ்ட்ரக்டர். எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தருவது இதுதான். லேபில் டிஸ்ட்ரக்டர் என்ன செய்யும்? "ஆப்ஜெக்ட் டிஸ்ட்ராய்டு" என்று திரையில் ஒரு வரி அச்சடிக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டால் "டில்டா குறி போட்டு எழுதுவது சார்" என்போம். மார்க் விழும். ஆனால் இந்த மொழியின் உயிர்நாடியே அதுதான். ஒரு பொருள் தன் எல்லையை விட்டு வெளியேறும்போது, தான் பிடித்து வைத்திருந்த மெமரியையும் திறந்து வைத்திருந்த கோப்பையும் தானே விட்டுவிடும். சி++11-இல் வந்த 'யுனிக் பாயிண்டர்' இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. அதைப் பயன்படுத்தினால் 'டெலீட்' என்று நாம் கையால் எழுத வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

நானும் லேபில் பட்ட பாட்டில் பைத்தான் பக்கம் ஓடிப்போனவன்தான். கடந்த விடுமுறையில் சி++17-ஐ எடுத்து, ஒரு கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் புரோகிராம் எழுதினேன். ஒரு 'மேப்', ஒரு 'ஃபார்', கொஞ்சம் 'ஆட்டோ'. இருபது வரி கூட ஆகவில்லை. பாயிண்டர் கிடையாது, 'நியூ' கிடையாது, 'டெலீட்' கிடையாது. இதையா இத்தனை நாள் பூச்சாண்டி காட்டினார்கள் என்று கோபம்தான் வந்தது.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"அடிப்படை தெரிய வேண்டாமா? பாயிண்டர் படிக்காமல் எப்படி?" நன்றாகப் படியுங்கள் சார். பாயிண்டர் எங்கும் ஓடிவிடவில்லை. ஆனால் டர்போவில் பாயிண்டர் தப்பாகப் போனால் என்ன தெரியும்? சில சமயம் எல்லாம் முடிந்த பிறகு "நல் பாயிண்டர் அசைன்மென்ட்" என்று மொட்டையாக ஒரு வரி. பல சமயம் அதுவும் கிடையாது. ஜி.சி.சி.யில் 2013 முதலே அட்ரஸ் சானிடைசர் இருக்கிறது. எந்த வரியில் எல்லை தாண்டினாய், அந்த மெமரியை எங்கே வாங்கினாய், எங்கே விட்டாய் என்று கையைப் பிடித்துக் காட்டும். அடிப்படையை எதில் ஒழுங்காகக் கற்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

"காசு?" ஜி.சி.சி., கிளாங் இரண்டும் இலவசம். 2021-இல் வந்த ஜி.சி.சி. 11, எதுவும் சொல்லாமலே சி++17-ஐ எடுத்துக்கொள்கிறது.

"இனி ரஸ்ட்தான், சி++ செத்த மொழி." இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். குரோமின் தீவிரமான பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி சிக்கல்கள்தான் என்று குரோமியம் குழுவே 2020-இல் சொன்னது. நவீன சி++ கூட முழுப் பாதுகாப்பு தராது. வெக்டரில் சதுர அடைப்பு போட்டு எல்லை தாண்டினால் இன்றும் மொழி உத்தரவாதமாகத் தடுக்காது. புதிதாக ஒன்றைத் தொடங்குபவர் ரஸ்டை எடுத்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் குரோம், அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் வி8, அன்ரியல் எஞ்சின், நாம் "பைத்தான்" என்று நினைத்துக்கொண்டு பயன்படுத்தும் பைடார்ச்சின் உள்பகுதி, இவையெல்லாம் பெரும்பாலும் சி++. இவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும். டர்போவை மட்டும் பார்த்தவன் இந்த வேலைக்கு எந்த முகத்தோடு போவான்? அவன் மனப்பாடம் செய்த 'வாய்ட் மெயின்' தரத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. 'ஐஓஸ்ட்ரீம்.எச்' 1998 தரத்திலேயே இல்லை. 'கோனியோ.எச்' லினக்ஸில் கிடையாது. முதல் மூன்று வரியிலேயே ஜி.சி.சி. அவனைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதில் அடிபடுவது யார் என்று பாருங்கள். வீட்டில் கணினியும் இணையமும், கேட்டால் சொல்லித்தர ஒரு அண்ணனும் இருப்பவன் எப்படியோ தப்பித்துக்கொள்வான். வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜுக்கு வந்து, லேபில் சொல்வதுதான் வேதம் என்று நம்பி, ரெக்கார்டு நோட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறாளே ஒரு பெண், அவளுக்குத்தான் நாம் செல்லாத நோட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். அது செல்லாது என்று இன்டர்வியூவில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வருகிறது. பழக்கத்தை மாற்றச் சோம்பல்பட்டு இப்படிச் செய்வதற்கு மன்னிப்பே கிடையாது.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டருக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி லேபில் ஜி.சி.சி.யைப் போடுங்கள். பழைய ரெக்கார்டு புரோகிராம்களை அதில் ஓட்டிப் பாருங்கள். எது ஓடவில்லையோ அதைத் திருத்துங்கள். அப்படித் திருத்துவதே பாதி சிலபஸ் ஆகிவிடும்.

என்னைப் போல வெறுத்து ஓடிப்போனவர்களுக்கு: ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். வெக்டர், ஸ்டிரிங், மேப், யுனிக் பாயிண்டர் இந்த நான்கு போதும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள். அப்போதாவது சி++ஐத் திட்டுவீர்கள், செத்துப்போன ஒரு கம்பைலரை அல்ல.

பி.கு.: "கிராபிக்ஸ்.எச்-இல் கார் ஓட்டினோமே, அது இதில் வருமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். வராது ராசா. அந்தக் கார் டாஸ்பாக்ஸுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கட்டும் :-)